உங்கள் வீட்டுக்குள் பகல் வருகிறதா?

ஒரு சின்ன பரீட்சை. நாளை மத்தியானம் சரியாக 12 மணிக்கு வீட்டில் எரிகிற எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். முறத்தில் ரெண்டு ஆழாக்கு அரிசியை எடுத்துக்கொண்டு வீட்டின் நடு அறையில் உட்காருங்கள். கல் பொறுக்க முடிகிறதா? அப்படியே எழுந்து சமையலறைக்குப் போய், மிளகாய்த்தூள் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்துகளைப் படித்துப் பாருங்கள்.

முடிந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். முடியாவிட்டால், வெளியே வெயில் கொளுத்தும் நேரத்திலும் உங்கள் வீட்டுக்குள் ராத்திரிதான் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ‘அதான் லைட் இருக்கே, ஸ்விட்சைப் போட்டா முடிஞ்சுது’ என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த ஸ்விட்சால் ஈடுகட்ட முடியாத சங்கதிகள் சில இருக்கின்றன.

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள கொல்லிமலையை விட நல்ல இடம் கிடையாது. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கும் மேலே போனால் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். சாமை வயல், மிளகுக் கொடி ஏறிய மரங்கள், பலா, வாழை, எல்லாம் பளபளவென்று. ஆனால் அந்த மலையின் பழைய வீடுகளுக்குள் தலையைக் குனிந்து நுழைந்தால், கண் பழகவே ஒரு நிமிஷம் ஆகும். மூங்கில் வரிச்சு கட்டி மண் பூசிய சுவர், தாழ்ந்த புல் கூரை, ஒரே ஒரு வாசல். ஜன்னல் என்ற பேச்சே கிடையாது.

உடனே ‘விவரம் தெரியாத ஜனங்க’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மலையாளி மக்கள் அப்படிக் கட்டியதில் முழுக் கணக்கு இருந்தது. மார்கழி, தையில் மலைக் குளிர் எலும்பைத் துளைக்கும். மழைக்காலத்தில் சாரல் பக்கவாட்டில் அடிக்கும். ஜன்னல் வைத்தால் இரண்டும் உள்ளே வரும். அடுப்புப் புகை கூரைக்கு ஏறினால் பரணில் இருக்கும் தானியத்தைப் பூச்சி அண்டாது. கூரைப் புல்லும் சீக்கிரம் மக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, அவர்கள் வீட்டுக்குள் இருந்த நேரமே கொஞ்சம்தான். குத்துவது, புடைப்பது, பேசுவது, பிள்ளைக்குத் தலை வாருவது என்று பகல் பூராவும் வாசலில் கழிந்தது. தூங்கவும், சமைக்கவும், மழைக்கு ஒதுங்கவும் மட்டும்தான் வீடு.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது? வீட்டுக்குள் வாழ ஆரம்பித்தபோது! புல் போய் ஓடு வந்தது, ஓடு போய் கான்கிரீட் வந்தது. டி.வி. வந்தது, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் வந்தது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய சூரிய சக்தி பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடும், கூரை மேல் சூரியத் தகடும் கொடுத்தார்கள். ராத்திரி விளக்குக்குச் சூரியனைப் பிடித்துவைத்தது நல்ல யோசனைதான். ஆனால் அதே சூரியன் பகலில் காசு வாங்காமல் சமையல் மேடை வரைக்கும் வருகிறதா என்பதையும் எந்த வீட்டிலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மலைக் கடைத்தெரு வீடுகளின் நிலைமை இன்னும் மோசம். முன்னால் கடை, நடுவில் படுக்கை, கடைசியில் சமையல். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பின்பக்கம் வெட்டிய மண் சரிவு. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீட்டில் வாசல் பக்கம் மட்டும்தான் பகல். செம்மேட்டில் மட்டுமல்ல, கீழே இறங்கினால் சேந்தமங்கலத்திலும் ராசிபுரத்திலும், ஏன், நம்மில் பாதிப் பேர் குடியிருக்கும் வரிசை வீடுகளிலும் இதே கதைதான்.

சீமையிலும் இதே கதை!

வெள்ளைக்காரர்கள் ஊரில் விக்டோரியா மகாராணி காலத்தில் வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள் உண்டு. இன்றைக்கும் இங்கிலாந்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் அவற்றில்தான் இருக்கின்றன. அதிலும் இருட்டு நடு அறைதான் தீராத தலைவலி. முன் அறைக்குத் தெரு வெளிச்சம், பின்னால் சமையலறைக்குக் கொல்லை வெளிச்சம், நடுவில் மாட்டிக்கொண்ட அறைக்கு ஒன்றும் இல்லை. அந்த ஊரில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கே வரி போட்டார்கள்! வரிக்குப் பயந்து ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்த வீடுகளை இப்போதும் பார்க்கலாம். கண்ணாடிக்கும் தனி வரி இருந்து 1845-ல்தான் ஒழிந்தது. அப்புறம் 1875-ல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குப் பிறகுதான் தெருவுக்கு இவ்வளவு அகலம், வீட்டுக்குப் பின்னால் இவ்வளவு காலியிடம் என்று விதிகள் பரவின.

அந்த இருட்டுத் தெருக்களில் வளர்ந்த குழந்தைகளுக்குக் கால் எலும்பு வில்லாக வளைந்தது. ரிக்கெட்ஸ் என்ற நோய். சத்துக் குறைவா, கிருமியா, பரம்பரையா என்று வருஷக்கணக்காகக் குழம்பினார்கள். 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர் புற ஊதாக் கதிர் விளக்கின் கீழே குழந்தைகளை வைத்து அந்த நோயைக் குணப்படுத்திக் காட்டினார். வெயிலில்லாத வாழ்க்கைதான் முக்கிய வில்லன் என்பது அப்புறம்தான் தெளிவாயிற்று.

நம் ஊர் வரிசை வீடு மட்டும் இருட்டாகவா இருந்தது? இல்லவே இல்லை! அக்ரஹாரத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பொதுச் சுவர்தான். திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று நூறடிக்கு மேல் நீளும். ஆனால் நடுவில் ஒரு முற்றம் இருந்தது. வானத்தையே பெயர்த்து வீட்டுக்குள் வைத்த மாதிரி. அப்பளம் காய்ந்தது, மழைத்தண்ணீர் அண்டாவில் விழுந்தது, கூடத்தில் உட்கார்ந்து தாத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். பிறகு நாம்தான் ‘திருடன் வருவான்’, ‘ஒரு ரூம் கிடைக்கும்’ என்று முற்றத்தின் மேல் கான்கிரீட் போட்டு மூடினோம். ஒரு அறை கிடைத்தது. நாலு அறை இருண்டது.

மூடியதைத் திறந்த ஒருவரின் கதையையும் சொல்ல வேண்டும். இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. கொழும்பில் 33-வது ஒழுங்கையில், ஒரு முட்டுச்சந்தில் ஒட்டி ஒட்டி நின்ற நாலு சின்ன வீடுகள். 1958-ல் அதில் ஒன்றில் நுழைந்தவர், பத்து வருஷத்தில் நாலையும் ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக்கினார். எப்படி? இடத்தைச் சேர்த்ததை விட இடத்தை விட்டதுதான் அங்கே விசேஷம்! அங்கங்கே கூரையை எடுத்துவிட்டுச் சின்னச் சின்ன முற்றங்களும் வெளிச்சக் கிணறுகளும் விட்டார். நீளமான நடையில் நடந்து போனால் இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று மாறி மாறி வரும். நம் செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள் கூட அந்த வீட்டில் நிற்கின்றன. பாவா 2003-ல் காலமானார். வீடு அப்படியே பாதுகாக்கப்பட்டு வருகிறது.

பாவாவுக்கு வசதி இருந்தது, செய்தார், நமக்கு? வருகிறேன். அதற்கு முன்னால் உடம்பைப் பார்த்துவிடுவோம்.

இருட்டு என்ன செய்யும்?

முதலில் டி.பி. சூரிய ஒளி பட்டால் காசநோய்க் கிருமி சாகும் என்று, அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் 1890-லேயே சொன்னார். தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் ஃபின்சனுக்கு 1903-ல் நோபல் பரிசே கிடைத்தது. அதனால் ‘வெயிலும் காற்றும் இருந்தால் போதும்’ என்று மலை மேல் சானடோரியம் கட்டி நோயாளிகளை வருஷக்கணக்கில் படுக்கவைத்த காலம் ஒன்று இருந்தது. அதை மாற்றியது நம்ம சென்னைதான்! 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில் டாக்டர்கள் ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும், இன்னொரு பகுதியை நெரிசலான அவர்கள் வீட்டிலேயே வைத்தும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு குணம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜன்னல் வைத்தால் டி.பி. குணமாகும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குணமாக்குவது மருந்து. ஆனால் பரவாமல் தடுப்பதில் காற்றோட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இருமுகிறவர் விடும் கிருமி, அடைத்த அறையில் மணிக்கணக்காக மிதக்கும். எதிரெதிரே இரண்டு திறப்பு இருந்தால் வெளியேறிவிடும். வெளிச்சத்துக்காக நீங்கள் வைக்கும் திறப்பு காற்றுக்கும் வழியாகட்டும். வெறும் கண்ணாடியை மட்டும் பதித்தால் பாதி லாபம்தான்.

அடுத்தது வைட்டமின் டி. இதில் நம் வீடுகளில் ஒரு பெரிய தப்பபிப்பிராயம் உண்டு. ‘எங்க வீட்டு ஹால்ல நல்லா வெயில் அடிக்குது. பாட்டி அங்கதான் உட்கார்ந்திருக்காங்க. வைட்டமின் டி-க்குக் குறைவே இல்லை’ என்பார்கள். அந்த வெயில் கண்ணாடி வழியாக வருகிறதென்றால், பாட்டிக்குக் கிடைப்பது வெதுவெதுப்பு மட்டும்தான்! தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்கும் புற ஊதா-பி கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். பாட்டியைத் திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். கை, கால், முகத்தில் நேரடியாக வெயில் படவேண்டும். காலை 7 மணி இளம் வெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு. 10 மணிக்கு மேல்தான் சரியாகக் கிடைக்கும். கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக வேண்டும். எலும்பு வலி, தசை பலவீனம் இருந்தால் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

அப்படியானால் வீட்டுக்குள் வரும் வெளிச்சத்தால் என்னதான் பிரயோஜனம்? நிறைய!

நம் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், ‘இப்போது பகலா, ராத்திரியா’ என்று மூளைக்குச் சேதி சொல்வதற்கென்றே தனி செல்கள் இருக்கின்றன. 2002-வாக்கில்தான் விஞ்ஞானிகள் இதை உறுதி செய்தார்கள். இந்தச் சேதியை வைத்துத்தான் தூக்கம், பசி, ஹார்மோன் எல்லாவற்றுக்கும் உடம்பு நேரம் குறிக்கிறது. நல்ல வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம். மேகம் மூடிய நாளில் கூட பத்தாயிரம் இருக்கும். வீட்டுக்குள் டியூப் லைட் போட்டால் நூறு, இருநூறு. கண் சமாளித்துக்கொள்வதால் நமக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. மூளைக்குத் தெரியும்! பகல் பூராவும் மங்கலில் இருந்துவிட்டு, ராத்திரி 11 மணிக்குச் செல்போன் வெளிச்சத்தில் முகத்தைக் காட்டினால், தூக்கம் எப்படி வரும்?

பிள்ளைகளின் கண்ணுக்கு இன்னும் முக்கியம். சீனாவின் குவாங்சௌ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான முடிவுப்படி, மூன்று வருஷத்தில் வெளியே விட்ட பிள்ளைகளில் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது; மற்றவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம். ஆக, வீட்டை வெளிச்சமாக்கினாலும் பிள்ளைகளை வெளியே விரட்டுவதை நிறுத்தக் கூடாது.

வயதானவர்கள் விஷயம்தான் மனசை உறுத்துவது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேர்கிறது. கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. உங்களுக்கு ‘போதும்’ என்று தோன்றும் நடை, மாமியாருக்கு இருட்டுக் குகை. ‘நான் புள்ளை பெத்து வளர்த்த வீடு, எனக்குத் தெரியாதா’ என்று சுவரைத் தடவிக்கொண்டே போவார். வாசல்படி உயரம் தெரியாமல் ஒரு நாள் விழுவார். இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் எத்தனை மாசம், எத்தனை செலவு என்று அனுபவப்பட்ட குடும்பங்களுக்குத் தெரியும். ஜன்னல் வைக்கிற செலவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சமையலறைப் புகையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்தார்கள். நுரையீரல் அடைப்பு, மாரடைப்பு, குழந்தைகளுக்கு நிமோனியா, பெண்களுக்குக் கண்புரை எல்லாம் இந்தப் புகையோடு சம்பந்தப்பட்டவை. காஸ் சிலிண்டர் வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு எரிகிற வீடுகள் மலையில் ஏராளம். குளிர் அப்படி! வெந்நீர் அடுப்பையாவது வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்துக்குத் தள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் அடுப்புக்கு நேர் மேலே புகைபோக்கி வேண்டும். பக்கத்து ஜன்னல் மட்டும் போதாது.

சரி, எங்கே உடைக்கலாம்?

உடனே சம்மட்டியை எடுக்காதீர்கள். முதலில் செலவில்லாத காரியம். வெள்ளைச் சுவர் தன் மேல் படும் வெளிச்சத்தில் எண்பது சதவீதம் வரை திருப்பிக் கொடுக்கும். கரும்பச்சை, காவி, அடுப்புக்கரி ஏறிய சுவர் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஒரு கோட் சுண்ணாம்பு, குறிப்பாகக் கூரையின் உட்பக்கத்துக்கும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவருக்கும் அடித்துப் பாருங்கள். ஜன்னலை அடைத்து நிற்கும் பீரோவை நகர்த்துங்கள். கொசுவலையைக் கழுவுங்கள், தூசி படிந்த வலை பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். அறைக்கதவுக்கு மேலே ஒன்றரை அடிக்குக் கண்ணாடியோ ஜாலியோ வைத்தால் முன் அறை வெளிச்சம் நடு அறைக்கும் பாயும். இந்த ஒன்றைச் செய்தே திருப்தியான வீடுகள் உண்டு.

புது ஜன்னல் வைப்பதானால் ஒரு கணக்கு. தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஜன்னல் வேண்டும். புழுக்கமான ஊர்களுக்கு ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி. மூன்றடிக்கு நாலடி ஜன்னல் ஒன்று வைத்தால் குறைந்தபட்சக் கணக்கு சரி. ஆனால் அகலத்தை விட உயரம்தான் முக்கியம். ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் வெளிச்சம் உள்ளே போகும். ஏழடி உயரமென்றால் 14 முதல் 17 அடி. அதற்கு அப்பால் இருக்கும் நடு அறைக்கு நீங்கள் முன்பக்கம் எத்தனை ஜன்னல் வைத்தாலும் பிரயோஜனமில்லை.

அங்கே வெளிச்சம் மேலேயிருந்துதான் வரவேண்டும்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு யோகம்! 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து நம் தலைக்கு மேல் இருக்கும் அந்த ஓட்டின் அதே வடிவத்தில் கண்ணாடி ஓடு கிடைக்கிறது. ஒரு ஓட்டை எடுத்துவிட்டு இதைச் சொருகினால் முடிந்தது வேலை. ஒரு ஓடு மூடும் இடம் முக்கால் சதுர அடி கூட வராது. ஆனால் மேகம் மூடிய நாளில் கூட ஏறக்குறைய ஒரு எல்.இ.டி. பல்பு தருகிற வெளிச்சம் கிடைக்கும். நல்ல வெயிலில் நாலைந்து பல்பு! அதற்காக ஆசைப்பட்டு வரிசையாக அடுக்காதீர்கள், வெயில் காலத்தில் வெந்துபோவீர்கள். அறைக்கு இரண்டு போதும். கட்டிலுக்கு மேலே வேண்டாம். சமையல் மேடைக்கு மேலே ஒன்று, நடைக்கு மேலே ஒன்று. பழைய பரண் குறுக்கே நின்றால் அந்த இடத்தில் மட்டும் இரண்டு பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

“ஏனுங்க மேஸ்திரி, ஒழுகாதுங்களா?” என்று கேட்பீர்கள். ஓட்டின் பள்ளமும் மேடும் பக்கத்து ஓட்டோடு சரியாகப் பொருந்தினால் ஒழுகாது. அளவு கொஞ்சம் மாறினாலும் ஒழுகும். அதனால் உங்கள் கூரை ஓட்டில் ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் ஜோடி பார்த்து வாங்குங்கள். மலையில் குரங்குத் தொல்லை உண்டு. ஓட்டுக்கு அடியில் ஒரு கம்பி வலை அடித்துவிட்டால் உடைந்தாலும் சில்லு தலையில் விழாது.

கான்கிரீட் தளம் என்றால் கதை வேறு. ‘ரெண்டடிக்கு ரெண்டடி ஓட்டைதானே, ஒரு மணி நேர வேலைங்க’ என்று டிரில் மிஷினோடு வந்து நிற்பவரை நம்பாதீர்கள். தளத்துக்குள் ஓடும் கம்பிதான் அதைத் தாங்குகிறது. கண்ட இடத்தில் வெட்டினால் இன்றைக்கு விழாது. கொஞ்ச நாள் கழித்து விரிசல் விடும், அப்புறம் ஒரு மழைக்காலம் பதில் சொல்லும். ஒரு இன்ஜினீயர் வந்து பார்த்து, எந்தக் கம்பியை வெட்டலாம், சுற்றி என்ன பலம் கொடுக்க வேண்டும் என்று சொன்ன பிறகே கை வைக்கவேண்டும். அந்த ஃபீஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். திறப்பைச் சுற்றி ஒன்பது அங்குலத்துக்குக் கட்டை எழுப்பி, அதன் மேல் சரிவாகக் கண்ணாடி வைக்க வேண்டும். கண்ணாடி லேமினேட்டட் ஆக இருக்கட்டும், உடைந்தாலும் கொட்டாது. கட்டையின் பக்கத்தில் வலை போட்ட சின்னத் திறப்பு விட்டால் சூடான காற்றும் அதன் வழியே ஏறிப் போய்விடும்.

கீழே நாமக்கல், ராசிபுரம் சமவெளியில் இருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இரண்டடிக்கு இரண்டடித் திறப்பின் வழியாக உச்சி வெயிலில் முந்நூறு வாட் ஹீட்டர் அளவுக்கு வெப்பம் இறங்கும். மலையில் தை மாசம் அது சுகம். சமவெளியில் சித்திரை மாசம் அது தண்டனை. அங்கே தளத்தை ஒரு இடத்தில் கொஞ்சம் உயர்த்தி, வடக்குப் பார்த்து ஜன்னல் வைப்பது நல்லது. நம் பகுதியில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். அதனால் வடக்கு ஜன்னலுக்கும் ஒன்றரை அடி சன் ஷேடு தேவை. மேற்குப் பக்கம் மட்டும் பெரிய கண்ணாடி வைக்காதீர்கள், எந்த ஊராக இருந்தாலும் சரி.

மாடிப்படி இருக்கும் வரிசை வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்காத வெளிச்சக் கிணறு ஒன்று இருக்கிறது. படி ஏறி முடியும் இடத்தில் மொட்டை மாடிக் கதவு, சதா மூடியே கிடக்கும். அந்தப் படிக்கூண்டின் சுவரில் நாலு கண்ணாடிக் கற்கள் பதித்து, கதவின் மேல் பாதியைக் கண்ணாடியாக்கினால் வெளிச்சம் படிக்கட்டு வழியாகவே வழிந்து கீழே நடு அறைக்கு வரும். தளத்தை வெட்டவே வேண்டாம்.

மலை வீட்டின் பின்பக்கச் சுவர் பற்றி ஒரு வார்த்தை. வெட்டிய மண் சரிவு சுவரை ஒட்டியிருந்தால் ஈரம் ஏறும், பூஞ்சணம் பிடிக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சிரைக்கும். சுவருக்கும் சரிவுக்கும் நடுவில் மூன்றடி இடைவெளியும், தண்ணீர் ஓட வாய்க்காலும் வேண்டும். சரிவைத் தாங்கும் கல் சுவருக்கு வெள்ளையடித்துவிடுங்கள். வானத்து வெளிச்சம் அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பிச் சமையலறை ஜன்னலுக்குள் விழும். காசில்லாத கண்ணாடி! ஆனால் இடைவெளிக்காகச் சரிவின் அடிவாரத்தை நீங்களாகவே தோண்டாதீர்கள். மண் சரிந்தால் வீட்டோடு போகும். மழைக்காலத்தில் அந்த வேலையே கூடாது.

பொதுச் சுவரில் கை வைப்பதற்கு முன்னால் அடுத்த வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். அவர் வீட்டு உத்திரம் அந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் ஜன்னலுக்கு நேராக அவர் சுவர் எழுப்பப் போகிறாரா? 1882-ம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டப்படி, ஒரு கட்டடத்துக்கு 20 வருஷம் தடையில்லாமல் வந்துகொண்டிருந்த வெளிச்சத்துக்கு உரிமை கோரலாம். நேற்று வைத்த ஜன்னலுக்கு அது கிடையாது. சட்டப் புத்தகத்தைக் காட்டுவதை விட, ‘வாங்கண்ணே, காபி சாப்பிட்டுட்டு இதைக் கொஞ்சம் பாருங்க’ என்று கூப்பிட்டுக் காட்டுவது நல்லது.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எதை முதலில் செய்வது? பெரும்பாலான வீடுகளில் ஹாலைத்தான் செய்கிறார்கள், வந்து போகிறவர்கள் பார்ப்பதற்காக. என்னைக் கேட்டால் சமையலறை. கத்தியும் நெருப்பும் கொதிக்கிற எண்ணெயும் இருப்பது அங்கேதான். வீட்டுப் பெண்கள் பகலில் பாதி நேரம் நிற்பதும் அங்கேதான். அதற்கு அடுத்தது வயதானவர் படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழி. மூன்றாவதாக, பிள்ளை படிக்கும் மூலை. ஹால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேலையைப் பங்குனிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கோடை மழை கொட்டுவதற்குள் ஒழுகல் இருக்கிறதா என்று நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துச் சரிசெய்ய அவகாசம் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழை முடிந்ததும் கண்ணாடி ஓட்டின் மேல் பச்சையாகப் பாசி படியும். ஏணி வைத்து ஏறி, பழைய துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட வேண்டும். ஓட்டின் மேல் கால் வைக்காமல், கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்க.